விளக்கு வைக்கும் நேரத்தில் புதைந்த ஊர்

மாயா நாகரிகத்தைப் பார்க்க வேண்டும் என்று எல் சால்வடோர் வரை போகிறவர்களுக்கு ஹோயா தெ செரேன் முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வானைத் தொடும் பிரமிடு இல்லை. அரசர்களின் முகம் செதுக்கிய கல்தூண் இல்லை. மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய கொட்டகைகள். அவற்றின் கீழே ஆழமான பள்ளங்கள். பள்ளங்களின் அடியில் சில மண்சுவர் வீடுகள். மேலே போட்டிருக்கும் நடைபாதையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். தலைநகர் சான் சால்வடோரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர், இதற்கா வந்தோம் என்று நினைத்தால் தப்பில்லை.

அந்த ஏமாற்றத்தில்தான் இந்த ஊரின் பெருமையே இருக்கிறது. உலகம் முழுக்கத் தொல்லியல் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அரண்மனையும் கோயிலும் கல்லறையும்தான். கல்லில் கட்டியவர்களின் வரலாறு நிற்கும். மண்ணிலும் ஓலையிலும் கட்டியவர்களின் வரலாறு ரெண்டு மழைக்காலத்தில் கரைந்துபோகும். மாயா உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படி மண்வீட்டில் வாழ்ந்த உழவர்களே. அவர்கள் எதில் சாப்பிட்டார்கள், மிளகாயை எங்கே தொங்கவிட்டார்கள், கத்தியை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்பதற்கெல்லாம் சாட்சி சொல்ல ஒரே ஒரு கிராமம்தான் இவ்வளவு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அதை அழிக்க வந்த எரிமலைதான் அதைக் காப்பாற்றியும் வைத்தது.

கண்டுபிடித்த கதையும் அரண்மனைக் கதை அல்ல. 1976-இல் சப்போத்தித்தான் பள்ளத்தாக்கில், அரசின் தானியக் களஞ்சியம் கட்டுவதற்காக ஒரு மேட்டை புல்டோசர் வைத்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வீடு ஒன்றின் தரையும் சுவரும் வெளிப்பட்டன. அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். சுவர் அவ்வளவு புத்தம்புதிதாக இருந்தது. சமீபத்தில் கட்டியதுதான் என்று முடிவானது. புல்டோசர் மறுபடி ஓடியது. அந்த வேலையில் சில கட்டடங்கள் போயே போய்விட்டன.

இரண்டு ஆண்டு கழித்து, 1978-இல், கொலராடோ பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் பேய்சன் ஷீட்ஸ் அந்தப் பள்ளத்தாக்கில் தொல்லியல் தடங்களைத் தேடி வந்தார். ஊர்க்காரர்கள் இந்த இடத்தைக் காட்டினார்கள். வெட்டிய மேட்டின் பக்கவாட்டில் வீட்டின் தரை தெரிந்தது. அவருக்கும் அதே சந்தேகம்: கொஞ்சம் கிளறினால் பழைய செய்தித்தாளோ பிளாஸ்டிக்கோ வெளியே வரும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ பழங்காலப் பானை ஓடு. கூரையிலிருந்து விழுந்து கரியாகியிருந்த புல்லை எடுத்து ரேடியோ கார்பன் சோதனைக்கு அனுப்பினார். சுமார் 1,400 ஆண்டுப் பழசு என்று விடை வந்தது.

அடுத்த ஆண்டே நிலத்துக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியைக் கொண்டுவந்தார்கள். தொல்லியலில் அப்போது அது மிகப் புதிது. கருவி குலுங்காமல், ஒரே சீராக நகர வேண்டும். எஞ்சின் அதிர்வு கூடாது. அதற்கு அங்கே கிடைத்த தோதான வாகனம் மாட்டுவண்டி. அன்றைய நவீனக் கருவி மாட்டுவண்டியில் ஏறி நிலத்தை அளந்தது. பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது. 1980 முதல் 1992 வரை நாடு எரிந்த அந்த ஆண்டுகளில் அகழாய்வு பெரும்பாலும் நின்றுபோய், 1989-இல்தான் மீண்டும் தொடங்கியது.

பள்ளத்தின் ஓரத்தில் நிற்பவர் வீட்டைப் பார்க்கும் முன் பள்ளத்தின் சுவரைப் பார்ப்பது நல்லது. சாம்பலும் சரளையும் மாறி மாறிப் படிந்த வரிகள் தெரியும். எண்ணினால் 14 அடுக்கு. ஊருக்கு வடக்கே வெறும் 600 மீட்டர் தொலைவில் இருக்கும் லோமா கல்தேரா என்ற சிறிய எரிமலை வாயின் வேலை இது. பெரிய மலையே அல்ல. அதற்கு முன் அங்கே வாய் இருந்ததாகவே ஊராருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பூமிக்குள்ளிருந்து மேலே வந்த கற்குழம்பு ரியோ சூசியோ ஆற்றின் நீரைத் தொட்டது. நீர் ஒரே கணத்தில் ஆவியாகி வெடித்தது. முதலில் வந்தது ஈரமான நுண்சாம்பல். அதன் வெப்பம் 100 டிகிரிக்கும் குறைவு. அது செடிகளைச் சுற்றியும் பானைகளைச் சுற்றியும் மாவு மாதிரி அப்பிக்கொண்டது. அதற்குப் பின்னால் 500 டிகிரிக்கும் மேலான சூட்டில் எரிகற்கள் பறந்து வந்து கூரைகளைத் துளைத்தன, புல்லில் தீப்பிடித்தது. மறுபடி ஈரச் சாம்பல், மறுபடி கல். அடங்கியபோது ஊரின் மேல் நான்கிலிருந்து ஏழு மீட்டர் வரை படிவு நின்றது. காலம் கி.பி. 600-ஐ ஒட்டி என்று முதலில் சொன்னார்கள். பிந்தைய கணிப்புகள் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துகின்றன.

ஆண்டு இப்படி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆனால் மாதமும் பொழுதும் ஏறக்குறையத் தெரியும்! வயலில் முற்றிய மக்காச்சோளத் தட்டைகள் பாதியில் மடித்துவிடப்பட்டிருந்தன. கதிர் தலைகீழாகத் தொங்கினால் மழைநீர் உள்ளே இறங்காது, செடியிலேயே காயும். மத்திய அமெரிக்க உழவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள், மழைக்காலத்தின் நடுவில். ஆகவே மாதம் ஆகஸ்டை ஒட்டியது. பொழுது? வயலுக்குக் கொண்டுபோகும் கருவிகள் வீடு திரும்பிவிட்டன. சாப்பிட்ட கிண்ணங்களில் விரலால் வழித்த தடம் அப்படியே இருக்கிறது; கழுவவில்லை. படுக்கும் பாய்களோ இன்னும் சுருட்டியபடி மேலே செருகியிருந்தன. சாப்பிட்டாயிற்று, படுக்கவில்லை. விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆகியிருக்கும்.

வீடு என்று ஒருமையில் சொல்வது இங்கே சரிப்படாது. ஒரு குடும்பத்துக்குத் தனித்தனியாக மூன்று கட்டடங்கள்: படுக்கவும் உட்காரவும் ஒன்று, பண்டங்கள் வைக்க ஒன்று, சமையலுக்கு ஒன்று. சுவர்கள் நம் ஊர்க்காரருக்குப் புதிதல்ல. குச்சிகளை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, இரண்டு பக்கமும் மண் அப்பியவை. மேலே புற்கூரை, சுவரைத் தாண்டி நீண்டு இறங்கியிருக்கும்; மழையிலும் வெளியே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எரிமலை நாட்டில் நில நடுக்கம் அடிக்கடி வரும். அதற்கு வளைந்து கொடுக்கக்கூடிய சுவர் இது. விழுந்தாலும் ஆளை நசுக்கும் கனம் இல்லை. 2001-இல் ஜனவரி 13, பிப்ரவரி 13 என ஒரு மாத இடைவெளியில் எல் சால்வடோரை உலுக்கிய இரண்டு நில நடுக்கங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குச்சிப் பிடிப்பு இல்லாமல் பச்சைச் செங்கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய வீடுகள் ஏராளமாக இடிந்தன. அந்தக் கட்டுமுறை ஸ்பானியர்களோடு வந்து பரவியது. பதினான்கு நூற்றாண்டுக்கு முந்தைய உழவனின் சுவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நடுவில் மறந்துபோயிருக்கிறது.

பண்டக அறைகள்தான் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. பானைகளில் அவரை வகைகள், விதைகள், கொக்கோ. கூரைக் கழியில் மிளகாய். மூலையில் கட்டிப்போட்டிருந்த வாத்து. மனிதர்கள் ஓடினார்கள், அதை அவிழ்த்துவிட யாருக்கும் நேரமில்லை. கூரைப் புல்லுக்குள் குடியிருந்த எலிகளின் எலும்புகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் சுமார் 70 மட்பாண்டங்கள் இருந்தன. அவற்றில் நல்ல வேலைப்பாடுள்ள வண்ணப் பாண்டங்களும் உண்டு. அவை உள்ளூரில் செய்தவை அல்ல, சந்தையில் மாற்றி வாங்கியவை. எரிமலைக் கண்ணாடிக் கல்லில் சீவிய கத்திகள் வீட்டில் எங்கும் கீழே கிடக்கவில்லை. உள்ளிருந்து கூரைப் புல்லுக்குள் செருகி வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரம். சோளம் அரைக்கும் அம்மிக்கல்லைக் கவட்டைக் கழிகளின் மேல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள். குனியாமல் நின்றபடியே அரைக்கலாம். அரண்மனைகளைத் தோண்டியவர்களுக்கு இந்த அளவு நெருக்கம் வாய்த்ததில்லை.

செடிகளின் கதைக்கு வந்தால், பாம்பெய் நகரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஹோயா தெ செரேனை அமெரிக்கக் கண்டத்தின் பாம்பெய் என்று சுற்றுலாக் கையேடுகள் அழைக்கின்றன. விளம்பரத்துக்கு நல்லதுதான், பொருத்தம் பாதிதான். கி.பி. 79-இல் வெசுவியஸ் மூடிய பாம்பெய் பணக்கார நகரம். அங்கே சாம்பலுக்குள் அழுகிப்போன உடல்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் சாந்து ஊற்றி மனித உருவங்களை எடுத்தார் ஜுசெப்பே ஃபியோரெல்லி, அது 1863. செரேனிலும் அதே உபாயம்தான். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சாந்தை வெற்றிடங்களில் ஊற்றினார்கள். ஆனால் எழுந்து வந்தவை மனிதர்கள் அல்ல. சோளக் கதிர்கள், மிளகாய்ச் செடி, கொய்யா, கொக்கோ, வீட்டுத் தோட்டத்தில் வரிசையாக நின்ற கற்றாழைகள். நம் ஊரில் ரயில் பாதையோரம் நார் எடுக்க வளர்ப்பார்களே, அந்த ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரர்கள். ஒரே தோட்டத்தில் சுமார் 70 நின்றன. ஒரு வயலின் பாத்தி, வாய்க்கால், நட்ட இடைவெளி, எல்லாவற்றையும் அப்படியே கையில் எடுக்க முடிகிற இடம் உலகில் வேறு அதிகம் இல்லை.

2007-இல் கிடைத்தது அதைவிடப் பெரிய செய்தி. ஊருக்குத் தெற்கே தோண்டியபோது, அகலமான மேட்டுப்பாத்திகளில் மரவள்ளி பயிரிட்ட வயல் வெளிப்பட்டது. மாயா மக்கள் சோளத்தையும் அவரையையும் பூசணியையும் நம்பியே வாழ்ந்தார்கள் என்பது பாடப்புத்தக முடிவு. இவ்வளவு நெருக்கமான மக்கள்தொகைக்கு அது போதுமா என்று சிலர் கேட்டு வந்தார்கள். மரவள்ளி இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். கையில் காட்ட ஆதாரம் இல்லை. கிழங்கு மண்ணில் எச்சம் வைப்பதில்லையே. செரேனின் சாம்பல் அந்தக் கிழங்குகளின் அச்சை அப்படியே பிடித்து வைத்திருந்தது. கிழங்கைப் பிடுங்கிவிட்டு, அடுத்த போகத்துக்குக் குச்சிகளை வெட்டிப் பாத்தியில் படுக்கவைத்த வேலை, வெடிப்புக்குச் சற்று முன்னால் முடிந்திருக்கிறது.

இந்த வயல்களைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. மிளகாய், மக்காச்சோளம், கொய்யா, மரவள்ளி: எல்லாம் தெரிந்த முகங்கள். கொலம்பஸுக்குப் பிந்தைய கப்பல்கள் இவற்றை நம் கரைக்குக் கொண்டுவருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முன்பு, செரேனின் புழக்கடையில் அவை சாதாரணச் சங்கதி. சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கின் பூர்வீகமும் அந்தக் கண்டம்தான்.

குடும்பக் கட்டடங்களைத் தாண்டினால் ஊர்ப் பொதுக் கட்டடங்கள். அவற்றில் வேது பிடிக்கும் அறை ஒன்று முதலில் கண்ணை இழுக்கும். தடித்த மண்சுவர், மேலே மண்ணாலேயே கட்டிய குவிந்த கூரை, தவழ்ந்து மட்டுமே நுழையக்கூடிய வாசல். நடுவில் அடுப்பு, சூடேறிய கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவி நிறையும். சுற்றி உட்காரத் திண்ணை. தெமாஸ்கால் என்று அந்தப் பகுதியில் பெயர். வழக்கம் இன்றும் இருக்கிறது. அசலுக்குள் யாரையும் விடுவதில்லை. பக்கத்திலேயே அதே அளவில் ஒரு நகலைக் கட்டியிருக்கிறார்கள். பார்வையாளர்கள் தவழ்ந்து போய் உட்கார்ந்து வரலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மொத்த ஊரிலும் பிடித்த இடம் அதுவாக இருந்தால் வியப்பில்லை.

இன்னொரு பெரிய கட்டடத்தில் முன்னறையில் இரண்டு அகலமான திண்ணைகள், பானம் வைத்த பெரிய பானை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசிய இடம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிழக்குப் பக்கம் இரண்டு சடங்குக் கட்டடங்கள். ஒன்றில் சிவப்பு வண்ணம் பூசிய மான் மண்டையோடு கிடந்தது. தலையில் கட்டிக்கொள்ளக் கயிறும் இருந்தது. பக்கத்தில் முதலை வடிவப் பானை, அதற்குள் சிவப்புச் சாயம் தரும் அச்சியோட்டே விதைகள். அறுவடை விழாவுக்கான கொட்டகை அது. இன்னொன்று, பின்னல் ஜன்னல் வைத்த சின்னக் கட்டடம். உள்ளே அவரை விதைகளும் சில கனிமக் கற்களும் சிறு குவியல்களாக இருந்தன. நம் ஊரில் சோழி உருட்டிக் குறி சொல்வதுபோல், விதைகளை உருட்டிக் குறி பார்க்கும் வழக்கம் மாயா மலைக்கிராமங்களில் இன்னும் உண்டு. அங்கே கிடைத்த பொருள்களை வைத்து, குறி சொன்னவர் ஒரு பெண் என்கிறார் ஷீட்ஸ்.

இந்தக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு குடும்பங்களிடம் பகிர்ந்திருந்தது போலத் தெரிகிறது. வேது அறைக்குப் பக்கத்து வீட்டில் அதைக் கவனிக்கத் தேவையான பொருள்கள், விழாக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் கூடுதல் அம்மிகள். அதுபோலவே ஒவ்வொரு வீட்டிலும் தன் தேவைக்கு மிஞ்சிய ஒரு கைத்தொழில்: ஒரு வீட்டில் வண்ணம் தீட்டிய சுரைக்குடுக்கை, ஒரு வீட்டில் கற்றாழை நார், இன்னொரு வீட்டில் கல் வேலை. இவற்றைக் கொடுத்துத்தான் கண்ணாடிக் கல்லும் வண்ணப் பானையும் பச்சைக்கல் கோடரியும் வாங்கியிருக்க வேண்டும்.

2011-இல் வெளிவந்த சாலை இந்தப் படத்தை இன்னும் தெளிவாக்கியது. மாயா உலகில் சக்பே எனப்படும் வெள்ளைச் சாலைகள் உண்டு. பெருநகரங்களில் கல் பதித்துப் போட்டவை. செரேனின் சாலையில் கல்லே இல்லை. சுமார் இரண்டு மீட்டர் அகலம், இருபக்கமும் வடிகால், மேலே இறுக மிதித்துக் கெட்டிப்படுத்திய வெள்ளைச் சாம்பல். அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. லோமா கல்தேராவுக்கு முன்பே, கி.பி. 431 வாக்கில், நாட்டின் நடுவில் இருக்கும் இலோபாங்கோ எரிமலை பயங்கரமாக வெடித்தது. மத்திய அமெரிக்காவின் பெரும் பகுதி வெள்ளைப் படிவால் மூடியது. இந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாமல் போனது. மண் மறுபடி விளையத் தொடங்கிய பிறகு வந்து குடியேறியவர்கள்தான் செரேன்காரர்கள். முந்தைய பேரழிவின் சாம்பலை எடுத்து அவர்கள் ஊர்ச் சாலை போட்டிருக்கிறார்கள்.

வடிகால்களை வெட்டிய விதம் இடத்துக்கு இடம் மாறுவதை ஷீட்ஸ் சுட்டிக்காட்டுகிறார். அரசாங்க உத்தரவில் அளவு குறித்துப் போட்ட சாலை இப்படி இருக்காது. அவரவர் பகுதியை அவரவர் வெட்டியது மாதிரி இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் சான் அந்த்ரேஸ் என்ற நகரம் இருந்தது, பிரமிடுகளோடும் பிரபுக்களோடும். ஆனால் செரேனுக்குள் அந்த அதிகாரத்தின் கை எட்டியதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. எந்தப் பயிர் வைப்பது, எந்தச் சந்தைக்குப் போவது, எந்தத் தொழில் செய்வது என்பதை உழவர்களே தீர்மானித்தார்கள் என்பது அவர் வாதம். மாயா குடிமக்கள் என்றால் வரி கட்டி, கல் சுமந்து, வாய் பேசாமல் வாழ்ந்தவர்கள் என்ற பழைய சித்திரத்துக்கு இது நேர் எதிர். ஏறக்குறைய 200 பேர் வாழ்ந்த ஒரே ஊரை வைத்து மாயா உலகம் முழுவதுக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது உண்மை. ஆனாலும் பழைய சித்திரத்தை வரைந்தவர்கள் பெரும்பாலும் பிரமிடின் உச்சியில் நின்று பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பண்டக அறைகள் தெரிந்திருக்கவில்லை.

அந்த 200 பேரும் என்ன ஆனார்கள்? இதுவரை தோண்டிய எந்த வீட்டிலும் மனித உடல் கிடைக்கவில்லை. வெடிப்பு வடக்கே நடந்தது. சாலை தெற்கே போகிறது. எல்லாரும் அந்தச் சாலையில் ஓடியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரும் அவர்களோடு போய்விட்டது. ஹோயா தெ செரேன் என்பது பிற்காலத்து ஸ்பானியப் பெயர்.

அந்தப் பள்ளத்தாக்கை எரிமலைகள் அதோடு விட்டுவிடவில்லை. செரேனின் மேல் படிந்த லோமா கல்தேரா சாம்பலுக்கும் மேலே, சான் சால்வடோர் எரிமலையின் படிவு ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே 1658-இல் வெடித்த எல் பிளாயோனின் படிவு. அந்த வெடிப்பில் நெஹாபா என்ற ஊர் இடம்பெயர்ந்தது. அந்த ஊரார் ஒவ்வொரு ஆகஸ்ட் 31 இரவிலும், மண்ணெண்ணெயில் ஊறிய துணிப்பந்துகளைக் கொளுத்தித் தெருவில் ஒருவர்மேல் ஒருவர் எறிந்து அதைக் கொண்டாடுகிறார்கள். எரிமலையைத் திருவிழாவாக்கிக்கொள்ளும் துணிச்சல் எல்லா ஊருக்கும் வராது.

1993-இல் செரேன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. எல் சால்வடோரிலிருந்து அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே இடம் இதுதான். ஆனால் பட்டியலில் ஏறிய பிறகுதான் கவலை கூடியது. சாம்பலுக்குள் பதினான்கு நூற்றாண்டு கலையாமல் இருந்த சுவர்களை, வெளியே எடுத்த சில ஆண்டுகளிலேயே ஈரமும் உப்பும் பாசியும் பூச்சியும் அரிக்கத் தொடங்கின. மண்சுவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. வெயில் காலத்தில் வெடிக்கும், மழைக்காலத்தில் ஊறும். லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து தனித் திட்டமே வகுக்க வேண்டியிருந்தது. கொட்டகையும் வேலியும் தூரத்து நடைபாதையும் அதனால்தான். வீட்டுக்குள் இறங்கிப் பார்க்க முடியவில்லையே என்று குறைப்படுகிற பார்வையாளருக்கு வழிகாட்டிகள் சொல்லும் பதிலும் இதுதான். பொருள்களைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் வளாகத்திலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. மற்றவை சான் சால்வடோரில் தாவித் ஜே. குஸ்மான் பெயரிலான தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில்.

அடையாளம் கண்ட கட்டடங்கள் சுமார் 18. முழுமையாகவோ பாதியாகவோ தோண்டியவை பத்து. மிச்சத்தைத் திறக்க ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை; எடுத்த சுவர்களைக் காப்பாற்றும் வழி தெரியும்வரை அடுத்த சுவரை எடுப்பதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறார்கள். ரேடார் காட்டிய நிழல்கள் வரைபடத்தில் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வீடுகளின் பானைகளும் பாய்களும் அப்படியே கீழே இருக்கின்றன.